வழக்குக்குப் பணம் போட ஒருவர் வருகிறார், கையெழுத்துப் போடலாமா?

பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். தம் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

இவருடைய கணவர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து மறைந்தவர். அவருடைய ஓய்வுக்காலப் பணத்தையும், கானாடுகாத்தானில் பொது வீடு விற்றபோது வந்த பங்கையும் சேர்த்து 12 லட்சம் ரூபாயைச் சென்னையில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் 14 சதவீத வட்டிக்கு மூன்றாண்டு டெபாசிட்டாகப் போட்டிருக்கிறார். பணத்தை வாங்கிக் கொடுத்த ஏஜென்ட் பங்காளி வீட்டுப் பையன். இரண்டு ஆண்டுகள் மாதம் தவறாமல் வட்டி வந்தது. 16 மாதங்களாக வரவில்லை. தவணை முடிந்தும் அசல் திரும்பவில்லை. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்தில் மட்டும் இவரைப் போல 180 பேர் இருக்கிறார்கள். மொத்தத் தொகை ஏறத்தாழ 9 கோடி. எட்டு மாதங்களுக்கு முன் இயக்குநர் ஒருவர் கையொப்பமிட்டு, "அசலும் வட்டியும் தருவோம், அவகாசம் வேண்டும்" என்று இவருக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்.

இந்த நிலையில், வழக்குகளுக்கு நிதி தருபவர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒருவர் காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லோரையும் கூட்டிப் பேசியிருக்கிறார். கோர்ட்டுக் கட்டணமே 27 லட்சம் ஆகும், வக்கீல் செலவு தனி, அத்தனையையும் தாமே போடுகிறேன், தோற்றால் நீங்கள் ஒரு பைசா தர வேண்டாம், வென்றால் செலவைக் கழித்துக்கொண்டு மிச்சத்தில் 40 சதவீதம் எனக்கு என்பது அவர் பேச்சு. ஆளுக்கு ஒரு பவர் பத்திரத்தில் கையெழுத்தும் அசல் ரசீதுகளும் கேட்கிறார். தை முடிவதற்குள் பதில் வேண்டுமாம். இதற்கிடையே, ஃபீஸ் வேண்டாம், வருவதில் 20 சதவீதம் போதும் என்று ஒரு வழக்கறிஞர் சொல்கிறார். அடுத்தவர் பணத்தில் வழக்குப் போடுவதே குற்றம் என்று ஓய்வுபெற்ற கோர்ட்டு குமாஸ்தா ஒருவர் பயமுறுத்துகிறார். சிங்கப்பூரிலிருக்கும் தம்பி மகனோ அங்கே இது சகஜம் என்கிறார். யாரிடமும் கைநீட்டாமல் வீட்டுப் பர்மாத் தேக்குத் தூண்களை விற்றுத் தாமே வழக்காடலாமா என்பது ஆச்சியின் கடைசிக் கேள்வி.

ஆச்சி, நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் வழக்கில் வெல்வது கடினமில்லை. ரசீது இருக்கிறது, வட்டி கொடுத்த வரலாறு இருக்கிறது, கடனை ஒப்புக்கொண்ட கடிதமும் இருக்கிறது. கடினமெல்லாம் வென்ற பிறகு கம்பெனியிடமும் இயக்குநர்களிடமும் எடுப்பதற்கு என்ன மிச்சமிருக்கும் என்பதில்தான். வழக்குக்குப் பணம் போடுகிறவர் முதல் கவலையைத் தீர்த்துவைக்க 40 சதவீதம் கேட்கிறார். உங்களுக்கு இருப்பதோ இரண்டாவது கவலை. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் மற்ற கேள்விகளுக்கு விடை காண்பது எளிது.

அடுத்தவர் பணத்தில் வழக்காடுவது குற்றமா?

குற்றமில்லை. குமாஸ்தா சொல்வது இங்கிலாந்தின் பழைய சட்டம். வழக்கில் தொடர்பில்லாதவர் பங்குக்கு ஆசைப்பட்டுப் பணம் போடுவதை அந்நாடு ஒரு காலத்தில் தண்டித்தது. அந்தக் கடுமை இந்தியாவுக்கு அப்படியே பொருந்தாது என்று அன்று நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலே 1876-இல் தீர்ப்பளித்துவிட்டது. நியாயமான உரிமை உள்ளவர் பணமில்லாத ஒரே காரணத்தால் வழக்காட முடியாமல் போகக் கூடாது என்பதே அதன் கருத்து. நம் சீமைக்கு இது புரியாத சங்கதி அன்று. 1829-இல் ஜமீன்தார் இறந்தபின் எழுந்த சிவகங்கை ஜமீன் வாரிசு வழக்கு, பல நீதிமன்றங்களைக் கடந்து 1863-இல்தான் லண்டனில் அவருடைய மகள் கட்டம நாச்சியாருக்குச் சாதகமாக முடிந்தது. கையிலிருக்கும் காசை மட்டும் நம்பி அப்படியொரு வழக்கை முப்பது ஆண்டுக்கு மேல் யாரும் இழுத்துச் சென்றிருக்க முடியாது.

உச்ச நீதிமன்றம் 1954-இலும், பிறகு 2018-இலும் இதே நிலையை எடுத்தது. வழக்கறிஞர் அல்லாத மூன்றாமவர் வழக்குக்குப் பணம் தந்து, முடிவுக்குப் பின் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தடையில்லை. ஆனால் ஒப்பந்தம் ஈவிரக்கமற்றதாகவோ பொதுக் கொள்கைக்கு முரணாகவோ இருந்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அது செல்லாது. 40 சதவீதம் என்ற எண்ணை மட்டும் வைத்து இது செல்லும், செல்லாது என்று முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. அதை முடிவு செய்ய அந்த ஒப்பந்தத்தின் மேலேயே இன்னொரு வழக்கு நடத்த வேண்டியிருக்கும். அந்த நிலைக்கு நீங்கள் போகவே வேண்டாம்.

தம்பி மகன் சொல்வதிலும் பாதி சரி. சிங்கப்பூர் 2017-இல் சர்வதேச நடுவர் மன்ற வழக்குகளுக்கு, அதாவது கோர்ட்டுக்குப் போகாமல் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவரிடம் தீர்க்கும் வழக்குகளுக்கு, இப்படிப்பட்ட நிதியைச் சட்டமாக்கியது. பின்னர் வேறு சில வகை வழக்குகளுக்கும் நீட்டித்தது. ஆனால் அங்கே பணம் போடுகிறவருக்கு இதுவே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும், குறைந்தது 50 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி மூலதனம் வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை உண்டு. இங்கே இவர்களுக்கென்று தனிச் சட்டமில்லை. மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்கள் சிவில் நடைமுறைச் சட்டத்தில் செய்துகொண்ட திருத்தத்தின்படி, பணம் போடுகிறவரையும் வழக்கில் சேர்த்து, செலவுத் தொகைக்குப் பிணை கேட்க முடியும். அவ்வளவே. கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்தவரின் பின்புலத்தை நீங்கள்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வழக்கறிஞர் கேட்கும் 20 சதவீதம் முற்றிலும் வேறு விஷயம். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் 20-ஆம் விதி வெளிப்படையாகத் தடை செய்கிறது. அமெரிக்காவில் இது நடைமுறை. இங்கே ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய செயல். என் தொழிலைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முதல் சந்திப்பிலேயே விதியை மீறத் தயாராக இருப்பவரிடம் 9 கோடி ரூபாய் வழக்கை ஒப்படைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அமெரிக்கா மாதிரி ஒருவர் வழக்குப் போட்டால் எல்லோருக்கும் கிடைக்குமா?

இந்த எண்ணத்துக்கு ஒரு காரணம் உண்டு. 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் மோசடி வெளியானபோது, அந்த நிறுவனத்தின் பங்குப் பத்திரங்களை அமெரிக்கச் சந்தையில் வாங்கியவர்கள் அங்கே குழு வழக்குத் தொடுத்தார்கள், அதாவது பாதிக்கப்பட்ட எல்லோருக்காகவும் சிலர் நடத்தும் வழக்கு. நிறுவனம் 12.5 கோடி டாலரும், தணிக்கை நிறுவனம் 2.55 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்தன. அதே மோசடியில் இழந்த இந்திய முதலீட்டாளர்களுக்கு இங்கே அப்படியொரு வழி இருக்கவில்லை. அந்தக் குறையை நீக்கத்தான் 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தில் 245-ஆம் பிரிவு வந்தது. அதுவும் 2016 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. எத்தனை பேர் சேர வேண்டும் என்ற விதி முழுமை பெற 2019 மே மாதம் ஆயிற்று.

அதன்படி டெபாசிட்தாரர்களில் 100 பேர் அல்லது மொத்த எண்ணிக்கையில் 5 சதவீதம் பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேர் சேர்ந்து, தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். நமக்கு அது சென்னை அமர்வு. நீங்கள் 180 பேர், எண்ணிக்கை போதும். கம்பெனி மட்டுமல்லாமல் இயக்குநர்கள், தணிக்கையாளர்கள் மீதும் இழப்பீடு கோரலாம். தீர்ப்பாயத்தில், கேட்கும் தொகையில் இத்தனை சதவீதம் கட்டணம் என்ற கணக்கும் கிடையாது. முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியிலிருந்து இந்த வழக்கின் சட்டச் செலவைத் திரும்பப் பெறத் தீர்ப்பாயம் அனுமதிக்கலாம் என்று 125-ஆம் பிரிவு சொல்கிறது. மண்டபத்தில் பேசியவர் இதைச் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

எச்சரிக்கைகளும் உண்டு. பிரைவேட் லிமிடெட் கம்பெனி பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கவே கூடாது. எனவே நீங்கள் சட்டப்படியான டெபாசிட்தாரரே அல்லர் என்று எதிர்த்தரப்பு வாதிடும். தன் தவற்றையே கேடயமாகப் பிடிக்கும் இந்த வாதத்துக்குப் பதில் உண்டு என்றாலும், அதைச் சொல்லி முடிப்பதற்கே மாதங்கள் போகும். தீர்ப்பு மனுவில் சேராதவர்களையும் கட்டுப்படுத்தும். ஆனால் யாரும் வீட்டு வாசலுக்கு வந்து காசோலை தர மாட்டார்கள். அவரவர் ரசீதை அவரவர்தான் நிரூபிக்க வேண்டும். நடைமுறையில் இந்தப் பிரிவின் கீழ் வந்த வழக்குகளும் மிகச் சில. அமெரிக்கக் கதையை அப்படியே இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

27 லட்சம் என்பது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். 9 கோடிக்கு 3 சதவீதம் 27 லட்சம். கணக்கு சரி, ஆனால் 180 பேரும் சிவில் நீதிமன்றத்தில் முழுத் தொகைக்கும் பண வழக்குப் போட்டால்தான் அது பொருந்தும். அப்படிப் போடும்படி எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஓர் ஒப்பீடு: நீங்கள் தனியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், 12 லட்சம் ரூபாய்க் கோரிக்கைக்குக் கட்டணம் 400 ரூபாய். அங்கும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் ஒரே நலனுள்ள பலருக்காகச் சிலர் அனுமதி பெற்று முறையிட வழி இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும் என்பது நிபந்தனை.

நான் முதலில் தட்டச் சொல்லும் கதவு

தமிழ்நாட்டில் 1997-இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. செய்தித்தாள்களில் டான்பிட் என்று படித்திருப்பீர்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லுமென்று உறுதி செய்தது. காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் பதிவானால், கம்பெனியின் சொத்தை மட்டுமல்லாமல் அதை நடத்தியவர்களின் சொத்தையும் அரசு முடக்கலாம். மனைவி பெயருக்கும் மைத்துனர் பெயருக்கும் போலியாக மாற்றிய சொத்தையும் விட வேண்டியதில்லை. மதுரையில் இதற்கென்று சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. முடக்கிய சொத்தை விற்று வரும் பணம் டெபாசிட்தாரர்களுக்கு விகிதப்படி பகிரப்படும். உங்களுக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது.

புகார் கொடுத்தால் வர வேண்டியதும் வராது என்று கம்பெனித் தரப்பு சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். சொத்தை விற்றுக்கொள்ள அவகாசம் தேடுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற பேச்சு இது. இந்த வழி மெதுவானது என்பதை நான் மறைக்கவில்லை. ஏலம் விட்டுப் பணம் பகிர ஆண்டுகள் ஆகலாம், முழு அசலும் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆனால் வேறு எந்த வழக்கில் வென்றாலும், எடுப்பதற்குச் சொத்து இருக்க வேண்டுமே! அதைக் கைமாறாமல் பிடித்துவைப்பது இந்த வழிதான். ஒரே ஒருவரின் புகாரோடு நிறுத்தாமல் 180 பேரும் தத்தம் ரசீது நகலோடு தனித்தனியாகப் பெயர் பதிய வேண்டும். இடையில் கம்பெனி திவால் நடைமுறைக்குள் போனால் அதன் மீதான சிவில் வழக்குகள் நின்றுவிடும். அப்போது குறித்த நாளுக்குள் தீர்வு அலுவலரிடம் உரிமைகோரல் தாக்கல் செய்தாக வேண்டும். இதற்காக உங்களில் இருவர் பத்திரிகை அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிருப்பது நல்லது.

ஏஜென்ட் பையனைப் பற்றி மனம் வருந்தி எழுதியிருக்கிறீர்கள். புகாரில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அவருடைய பெயரை மறைக்கவும் வேண்டாம், அவர்மேல் இல்லாததை ஏற்றவும் வேண்டாம். கம்பெனியின் உள்விவரம் தெரிந்த சாட்சியாக அவர் உங்களுக்கே உதவவும் கூடும்.

பவர் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது?

நீங்கள் அனுப்பிய நகலை இரண்டு முறை படித்தேன். என்னை உறுத்தியது 40 சதவீதமல்ல, ஏழாவது பத்தி. "எவ்வழியில் எந்த அமைப்பின் மூலம் தொகை திரும்பக் கிடைத்தாலும்" அதில் அவருக்குப் பங்கு என்கிறது அது. அதாவது நீங்கள் போலீசில் புகார் கொடுத்து, அரசு சொத்தை முடக்கி, நீதிமன்றம் உங்களுக்குப் பகிர்ந்து தரும் பணத்திலும், ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாத அவருக்கு 40 சதவீதம் போக வேண்டும்.

ஒன்பதாவது பத்தி இன்னும் மோசம். சமரசம் செய்யவும் வழக்கைத் திரும்பப் பெறவும் அவருக்கே முழு அதிகாரம். உங்களிடம் கேட்க வேண்டியதில்லை. 9 கோடி வழக்கை 1 கோடிக்கு அவர் முடித்துக்கொண்டால், போட்ட பணத்துக்கு அவருக்கு லாபம். உங்களுக்கோ ரூபாய்க்குச் சில பைசா. பலருக்காக ஒருசிலர் நடத்தும் சிவில் வழக்கில், நீதிமன்ற அனுமதியும் மற்றவர்களுக்கு அறிவிப்பும் இல்லாமல் சமரசம் கூடாது என்று சட்டம் பாதுகாப்பு வைத்திருக்கிறது. அந்தப் பாதுகாப்பை முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கரைத்துக்கொள்ளலாமா? பவர் கொடுத்துவிட்டுப் பிறகு ரத்து செய்துகொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். அதிகாரம் பெற்றவருக்கே அந்தப் பொருளில் சொந்த நலன் இருக்குமானால், அவருக்குப் பாதகமாக அதை ரத்து செய்ய முடியாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆம் பிரிவைக் காட்டுவார்.

ஐந்தொகை, அதாவது வரவு செலவுக் கணக்கு, போட்டுப் பார்ப்பது உங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான காரியம்தானே, போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்குப் பாதிப் பணம், நாலரைக் கோடி, மீண்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் 30 லட்சம் செலவுக் கணக்குக் காட்டினால் மிச்சம் 4 கோடியே 20 லட்சம். அதில் 40 சதவீதம் 1 கோடியே 68 லட்சம் அவருக்கு. உங்கள் எல்லோருக்குமாக 2 கோடியே 52 லட்சம். அசலில் 28 சதவீதம். உங்கள் 12 லட்சத்துக்கு 3 லட்சத்து 36 ஆயிரம். அதே நாலரைக் கோடி, நீங்கள் ஆளுக்குப் பத்தாயிரம் போட்டு நடத்திய வழக்கில் வந்தால், உங்களுக்கு 6 லட்சம். கைச்செலவு போனால் 5 லட்சத்து 90 ஆயிரம்.

ஆளுக்குப் பத்தாயிரம் என்றால் 18 லட்சம் சேரும். நான் சொன்ன வழிகளுக்கு அவ்வளவு தேவைப்படாது. தொடக்கத்துக்கு மூவாயிரம் வீதம் 5 லட்சத்து 40 ஆயிரம் போதும். கோயில் காரியத்துக்குப் புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி போட்டு வாங்கிக் கணக்கு வைக்கத் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு, வழக்குக்குப் புள்ளி வரி போடத் தெரியாதா? உங்களில் பாதிப் பேர் நகரத்தார் அல்லாதவர்கள், ஆத்தங்குடியில் கல் பதிக்கிறவர்களும் கல்லூரி ஊழியர்களும் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் ஒன்றும் இல்லை. ஒரு சங்கமாகப் பதிந்து, வங்கிக் கணக்கை மூன்று பேர் கையெழுத்தில் வையுங்கள். மாதாமாதம் வரவு செலவை எல்லோருக்கும் அனுப்புங்கள். மூவாயிரமும் தர முடியாதவர்களுக்கு வேறு வழி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கும். நீங்களே அதைக் கேட்கலாம். சிவகங்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு வெள்ளைத்தாள் விண்ணப்பம் போதும்.

வழக்குக்குப் பணம் போடுகிறவர்கள் எல்லோரும் வேட்டைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. வசதியுள்ள பெரிய நிறுவனத்துக்கு எதிராக ஒரு சிறு ஒப்பந்தக்காரர் நடுவர் மன்றத்துக்குப் போகும்போது, செலவு உண்மையிலேயே மலைக்க வைக்கும். எதிரியிடம் பணமும் இருக்கும். அங்கே தோல்வியின் அபாயத்தை ஒருவர் சுமந்து, அதற்கு விலை கேட்பது நியாயம். உங்கள் வழக்கில் அவர் சுமக்கப்போகும் அபாயம் மிகச் சிறிது. பிற்காலத்தில் தணிக்கையாளர் மீது பெரிய வழக்கு ஒன்று தேவைப்பட்டு அப்போது வெளிப்பணம் வேண்டியிருந்தால், பங்கு அந்த ஒரு வழக்கில் வருவதற்கு மட்டும் என்றும், அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்றும், சமரச முடிவு உங்கள் சங்கத்தின் கையில் என்றும், வழக்கறிஞரை நீங்களே அமர்த்துவீர்கள் என்றும் எழுதி வாங்குங்கள்.

தூண்களை விற்க வேண்டாம். அவசரத்தில் விற்கிறவருக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் என்ன விலை கிடைக்குமென்று உங்களுக்கே தெரியும். இந்த வழக்குக்கு அது தேவையும் இல்லை.

தை முடிவு என்பது மண்டபத்தில் பேசியவர் வைத்த கெடு. சட்டம் வைத்த கெடு வேறு. பணம் திரும்பக் கேட்கும் வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு. அந்தக் கெடுவுக்குள் கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்ட கடிதம் வந்தால், அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும் என்று காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. இயக்குநரின் கடிதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று இப்போது புரிந்திருக்கும். அந்தக் கடிதத்தின் அசலைக் கூட்டத்தன்று மண்டபத்தில் பேசியவரின் ஆளிடம் கொடுத்துவிட்டதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கே ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய் அதைத் திரும்ப வாங்கிவிடுங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் எழுதிக் கேளுங்கள். புகாரோடு காவல்துறைக்கு எந்த அசல் ஆவணத்தைக் கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன் நகல் எடுத்து, தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.